நைஜீரியாவின் வழிப்பறியும் டிரைவர் பிழைப்பும்: பிறையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் எனக்கு இரண்டு லோரி ஓடுகிறது. ஒன்றை நானே ஓட்டுகிறேன், இன்னொன்றுக்கு ஆள் போட்டிருக்கிறேன். போன வருடத்திலிருந்து எங்கள் வீட்டு மாடியறையில் நைஜீரியாவின் கடுனா நகரத்துப் பையன் ஒருவன் வாடகைக்கு இருக்கிறான், இங்கே படிக்கிறான். அவனுடைய மாமா பயணிகள் வேன் ஓட்டுபவர். அவன் ஊர்ப் பக்கம் சாலையில் வண்டியை மறித்து ஆட்களைக் கடத்திப் பணம் பறிப்பதைப் பற்றி இரவில் அவன் சொல்வதை மறுநாள் காலை பசியாறப் போகும் இடத்தில் நான் சொல்ல, கூட்டாளிகள் ஆளுக்கொரு கேள்வி கேட்க, கேட்டதையே திரும்பக் கேட்க, சரி, ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னதும் உண்டு, நானே தேடிப் படித்ததும் உண்டு.

நைஜீரியா முழுக்கவா இப்படி?

இல்லை. பெரிய நாடு அது. நான் சொல்வது வடமேற்குப் பக்கம்: சம்ஃபாரா, கட்சினா, சோகோட்டோ, கெப்பி, கடுனா, அப்புறம் அதை ஒட்டிய நைஜர் மாநிலம். (நைஜர் என்று பக்கத்தில் தனி நாடே இருக்கிறது, அது வேறு.) போக்கோ ஹராம் என்று செய்தியில் வருவது வடகிழக்கில். அது மதத்தின் பெயரில் நடக்கும் சண்டை. இங்கே நடப்பது பெரும்பாலும் காசுக்காக.

ஆரம்பம் மாட்டுத் தகராறு என்கிறார்கள். மாடு மேய்க்கும் ஃபுலானிகளுக்கும் விவசாயம் செய்யும் ஹவுசாக்களுக்கும் நிலம், தண்ணீர், மேய்ச்சல் வழி என்று இழுபறி. மாடு திருட்டு பெருகியது, ஊர்க்காவல் படைகள் எழுந்து பழிக்குப் பழி வாங்கின, துப்பாக்கி சல்லிசாகக் கிடைத்தது. மாடு தீர்ந்ததும் மனிதர்களையே பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காடும் வசதியாக இருக்கிறது, மாநிலம் விட்டு மாநிலம் தொடர்ந்து போகும் காடு.

வண்டியை எப்படி மறிக்கிறார்கள்? வேகமாக ஓட்டிப் போய்விட முடியாதா?

இதைக் கேட்காத டிரைவரே இல்லை. நானும் முதலில் இதைத்தான் கேட்டேன்.

தலைநகர் அபுஜாவிலிருந்து கடுனாவுக்குப் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை வழிச் சாலைதான், 200 கிலோமீட்டருக்குள். பட்டர்வொர்த்தில் ஏறி ஈப்போ தாண்டிக் கொஞ்சம் போகிற தூரம். இடையில் கட்டாரி, ரிஜானா என்று சின்ன ஊர்கள், அந்தப் பகுதியில் இரண்டு பக்கமும் புதர்க்காடு. மோட்டார் சைக்கிளில் ஆளுக்குப் பின்னால் ஆளாக இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வருவார்கள், கையில் ஏகே-47. பல நேரம் இராணுவச் சீருடை போட்டிருப்பார்கள், அதனால் தூரத்திலிருந்து பார்க்கும் டிரைவருக்கு அது சோதனைச் சாவடியா வழிப்பறியா என்று தெரியாது. நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கிட்டப் போய்விடும். நிற்காமல் போனால் முதல் குண்டு டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்குத்தான், அவனைச் சுட்டால் வண்டி தானாக நின்றுவிடும் அல்லவா. குழி விழுந்து எல்லோரும் வேகத்தைக் குறைக்கும் இடமாகப் பார்த்துத்தான் நிற்பார்கள். பின்னால் வருகிற வண்டியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மாட்டும், திருப்பவும் இடமிருக்காது.

பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி சாலையில் கதவு திறந்தபடி கிடக்கும். மாடியறைப் பையன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான்: வேனுக்குப் பக்கத்தில் தார்ச்சாலையில் ஏழெட்டுச் செருப்புகள், ஒன்று குழந்தையுடையது. ரத்தம் எதுவும் இல்லை, ஆனாலும் நான் அதற்கப்புறம் வேறு படம் காட்டு என்று கேட்கவில்லை.

சரக்கு தவுக்கேயுடையது (முதலாளியுடையது), காசு பயணியுடையது. டிரைவருக்கு என்ன நஷ்டம்?

நம் ஆட்களே இப்படிக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாமும் டிரிப்புக்கு ஓடுகிறவர்கள்தானே?

கணக்கு இப்படி. நான் வாரத்துக்கு மூன்று டிரிப் கிள்ளான் துறைமுகம் போகிறேன் என்று வையுங்கள். ஒன்று குறைந்தால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. வங்கித் தவணை, சாலை வரி, காப்புறுதி, டயர், இவற்றில் ஒரு காசுகூடக் குறையாது. அங்கேயும் இதே கணக்குதான். பல பேர் வேனை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஓட்டுகிறார்கள், நாளுக்கு இவ்வளவு என்று முதலாளிக்குக் கட்டிவிட்டு மிச்சம்தான் வீட்டுக்கு. அல்லது தவணைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள். வழிப்பறிக்காரன் நம்மைத் தொடவே வேண்டாம். அவன் அந்தச் சாலையில் இருக்கிறான் என்ற செய்தி போதும், ஓட்டம் பாதியாகிவிடும்.

இரவு ஓட்டம் போச்சு, அதுதான் முதல் அடி. வெயிலில்லாமல், நெரிசலில்லாமல், காய்கறி வாடாமல் கொண்டு சேர்க்கிற நேரம் இரவு. கேமரன் மலைக் காய்கறி லோரிக்காரரிடம் இனி விடிந்தபிறகுதான் இறங்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், அவர் என்ன பேசுவார் என்று இங்கே எழுத முடியாது. அங்கே பல சாலைகளில் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது எழுதாத சட்டம். அடுத்தது பயணிகள். வேன் நிரம்பினால்தான் கிளம்பும். முன்னே ஒரு மணி நேரத்தில் நிரம்பிய வேன் நாலு மணி நேரம் காத்திருந்தும் பாதிதான் நிரம்பும், அதற்குள் வெயில் சாய்ந்துவிடும், அப்புறம் கிளம்பவே முடியாது, அன்றைய நாள் பூஜ்யம். முதலாளிக்குக் கட்ட வேண்டியது மட்டும் நிற்கும்.

சுற்றுப் பாதையில் போகலாம். எண்ணெய்க் காசு யார் தருவது? 2023 மே மாதம் 29ஆம் தேதி புதிய அதிபர் பதவியேற்ற அன்றே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குள் (நைரா அவர்கள் காசு) இருந்தது, சில நாளிலேயே 500ஐத் தொட்டது. நமக்கு 2024 ஜூன் 10இல் டீசல் 3 வெள்ளி (ரிங்கிட்) 35 காசு ஆனபோது எப்படிக் குதித்தோம், அதிலும் சரக்கு லோரிக்கு 2 வெள்ளி 15 காசுக்கு எண்ணெய் அட்டை இருந்தது. அவர்களுக்கு அந்த அட்டையும் கிடையாது.

என் சொந்தக் கதை ஒன்று. இருபது வருடத்துக்கு முன் நான் ஒருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். தாப்பா பக்கம் சாலையோரம் போட்டுத் தூங்கினேன். விடியற்காலை சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. இறங்கிப் பார்த்தால் இரண்டு பேட்டரியும் இல்லை, வயரைச் சுத்தமாகக் கத்தரித்து, நுனியில் செம்பு பளபளவென்று தெரிந்தது. துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை, நான் விழித்துக்கொள்ளக்கூட இல்லை. அந்த மாதம் தவுக்கே பேட்டரிக் காசைச் சம்பளத்தில் பிடித்தார், தாமதத்துக்கும் தனியாகப் பிடித்தார். திருடனுக்குக் கிடைத்ததைவிட எனக்குப் போனது அதிகம். அங்கே நடப்பது இதன் நூறு மடங்கு, உயிரும் சேர்த்து.

பணயத்தொகை எவ்வளவு கேட்பார்கள்? டிரைவருக்கு யார் கட்டுவது?

நைஜீரியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. 2023 மே முதல் 2024 ஏப்ரல் வரை ஒரு வருடத்தில் நாடு முழுக்க மக்கள் கட்டிய பணயத்தொகை ஏறக்குறைய 2.2 டிரில்லியன் நைரா, சராசரி ஒரு சம்பவத்துக்கு 26 லட்சத்து 70 ஆயிரம் நைரா. 2024 ஜூலையில் உயர்த்திய குறைந்தபட்ச மாதச் சம்பளமே 70,000 நைராதான், அன்றைய மாற்றில் நம் காசுக்கு 200 வெள்ளி சொச்சம். வகுத்துப் பாருங்கள், 38 மாதச் சம்பளம்.

டிரைவர் பிடிபட்டால் வீட்டார் முதலில் விற்பது வண்டியை. சொந்த வண்டியாக இருந்தால் அது. இல்லையென்றால் நிலம், மாடு, கடன். ஆள் திரும்பி வருகிறார், ஓட்டுவதற்கு வண்டி இல்லை. சில இடத்தில் காசோடு சேர்த்து மோட்டார் சைக்கிளும் வாங்கிக் கொடு என்பார்கள், அடுத்த வழிப்பறிக்கு அதில்தான் வருவார்கள்.

2022 ஏப்ரலில் அந்நாட்டு மேலவை, பணயத்தொகை கட்டுவதே குற்றம், 15 ஆண்டு சிறை என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அண்ணன் காட்டில் கட்டிக்கிடக்கும்போது தம்பி சட்டம் பார்ப்பானா? கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்தப் புள்ளிவிவரமே சாட்சி.

டிரைவர்களும் கூட்டு என்று சொல்கிறார்களே?

சிலர் இருக்கலாம். எந்தத் தொழிலில் இல்லை? ஆனால் இந்தச் சந்தேகம் செய்யும் கெடுதல் பெரிது. தாக்குதலில் டிரைவர் மட்டும் தப்பித்து வந்தால் முதல் கேள்வி அவனிடம்தான்: நீ எப்படித் தப்பினாய்? எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினாய், யாருக்கு போன் போட்டாய்? டாங்கியில் எண்ணெய் குறைவாக இருந்து வழியில் நிறுத்தினால் பயணிகளே கத்துவார்களாம், ஆள் காட்டிக்கொடுக்க நிறுத்துகிறாயா என்று. பையனின் மாமா அதனால் கிளம்பும் முன்பே டாங்கியை நிரப்பி அளவுமுள்ளைப் பயணிகளுக்குக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாராம்.

போலீஸ், இராணுவம் எல்லாம் எங்கே?

சாலையில்தான். அதுவே இன்னொரு செலவு. வழி நெடுகச் சாவடி, சாவடிக்குச் சாவடி கை நீளும். சீருடைக்காரர், ஊராட்சி ஆள், சங்கத்து ஆள், சீருடையே இல்லாத ஆள்.

2021 பிப்ரவரி கடைசியில் வடக்கிலிருந்து தெற்குக்கு உணவும் மாடும் கொண்டுபோகும் வியாபாரிகள் சங்கம் சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. தெற்கில் தங்கள் ஆட்கள் தாக்கப்பட்டதற்கும் சாலையில் நடக்கும் வசூலுக்கும் எதிர்ப்பு. ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, லாகோஸ் பக்கம் வெங்காயமும் தக்காளியும் எட்டாத விலைக்குப் போக, வடக்கில் அதே சரக்கு லோரியிலேயே அழுகியது. மார்ச் முதல் வாரத்தில் பேசி முடித்தார்கள். அந்த நாட்களில் லோரிக்காரனுக்கு யாரும் படி கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பிர்னின் குவாரி என்று கடுனாவுக்கு மேற்கே ஒரு ஊர். அந்தச் சாலையில் வண்டிகளைச் சேர்த்து, இராணுவத் துணையோடு வரிசையாகக் கொண்டுபோனார்கள். வரிசை கிளம்பும் நாள்தான் வேலைநாள் என்று இருந்தது. அப்படியும் வரிசைகள் தாக்கப்பட்டிருக்கின்றன.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா?

செய்தது. 2021 ஆகஸ்ட், செப்டம்பரில் கட்சினா, சம்ஃபாரா மாநிலங்களில் வாரச் சந்தைகளை மூடினார்கள், கேனில் பெட்ரோல் விற்கத் தடை, மாடு ஏற்றிப் போகத் தடை, கட்சினாவில் காட்டிலிருந்து விறகு ஏற்றும் லோரிக்குத் தடை, சில சாலைகளில் வாடகை வண்டிகளே போகக்கூடாது. சம்ஃபாராவில் கைப்பேசி இணைப்பையே துண்டித்தார்கள். மோட்டார் சைக்கிள் சவாரிக்கும் பல இடத்தில் தடை, வடக்கில் அதை அச்சாபா என்பார்கள், படிக்காத இளைஞர்களுக்குச் சட்டென்று கிடைக்கும் பிழைப்பு அதுதான்.

நோக்கம் புரிகிறது, வழிப்பறிக்காரனுக்குச் சாப்பாடும் எண்ணெயும் போகக்கூடாது. ஆனால் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். சந்தை, மாடு, விறகு, எண்ணெய், சாலை. ஒவ்வொன்றும் ஒரு டிரைவரின் டிரிப்.

அதுவரை ‘பேண்டிட்’, அதாவது கொள்ளைக்காரர் என்று அழைத்த இவர்களை 2022 ஜனவரியில் பயங்கரவாதிகள் என்று மத்திய அரசு அதிகாரபூர்வமாக அறிவித்தது. பெயர் மாறியது, சாலை மாறவில்லை.

ரயில் இருக்கிறதே, அதில் போகலாமே?

போனார்கள். அபுஜா–கடுனா ரயில் 2016இல் ஓட ஆரம்பித்தது. சாலைக்குப் பயந்து வசதியுள்ளவர்கள் எல்லோரும் ரயிலுக்கு மாற, வேன்காரர்களுக்கு நல்ல பயணிகள் போய்விட்டார்கள். 2022 மார்ச் 28 இரவு அந்த ரயிலையே தண்டவாளத்தில் குண்டு வைத்து நிறுத்தினார்கள். பலர் செத்தார்கள், 60 பேருக்கு மேல் கடத்தப்பட்டார்கள், கடைசி ஆட்கள் வெளியே வர அக்டோபர் ஆகிவிட்டது. ரயில் டிசம்பர் வரை ஓடவில்லை. அந்த எட்டு மாதமும் கூட்டம் மறுபடி வேனுக்கு வந்தது. மாமாவுக்கு அப்போது நல்ல ஓட்டமாம். அதைச் சொல்லும்போது பையன் முகத்தில் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. இரண்டும் கலந்த ஏதோ ஒன்று.

ஆபத்து கூடினால் வாடகையும் கூடுமே, அப்போ லாபம்தானே?

வாடகை கூடுகிறது, உண்மை. வடக்கே கானோவிலிருந்து தெற்கே லாகோஸுக்குத் தக்காளி ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் போகிறது, நம் வடக்கு எல்லை புக்கிட் காயூ ஹீத்தாமிலிருந்து தெற்குக் கோடி ஜொகூர் பாரு வரை போய் இன்னும் கால்வாசி தூரம் கூட. ஓலைக் கூடையில் அடுக்கி, குளிர்ச்சி எதுவும் இல்லாமல். ஒரு நாள் தாமதமானால் அடிக்கூடை சாறாகிவிடும். கூடின வாடகை எண்ணெய்க்கும் சாவடிக்கும் போகிறது, அழுகினதைச் சரக்குக்காரர் வாடகையில் கழிக்கிறார். விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைகிறார்கள், ஏற்ற வேண்டிய கூடையும் குறைகிறது. கிராமங்களில் அறுவடைக்கே வழிப்பறிக்காரர்கள் வரி போடுகிறார்கள், கட்டமுடியாதவர்கள் நிலத்தைத் தரிசு போட்டுவிட்டுப் போகிறார்கள். விளையாத இடத்தில் லோரிக்கு என்ன வேலை?

நம் நாட்டில் இப்படி எப்போதாவது இருந்ததா?

இருந்தது, நம் தாத்தாக்கள் ஓட்டினார்கள். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் பஸ்ஸையும் லோரியையும் மறித்துப் பயணிகளை இறக்கிவிட்டு எரித்தார்கள், அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். 1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் பிரிட்டிஷ் ஹைகமிஷனரையே சுட்டுக் கொன்றார்கள், அவர் வண்டிக்குக் காவல் இருந்தது. அப்போது அரசாங்கம் காட்டில் இருந்தவர்களை அழைத்த பெயர் என்ன தெரியுமா? ‘பேண்டிட்’. 1952இல்தான் அதைக் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி என்று மாற்றினார்கள். நைஜீரியா 2022இல் செய்த அதே பெயர் மாற்றம்.

என் தாத்தா கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டினார். போகும்போது ரப்பர் ஷீட், வரும்போது அரிசி. உணவு ஏற்றிய லோரி குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட சாலையில், தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டித்தான் போக வேண்டும், வழியில் நிறுத்தக்கூடாது. காட்டுக்கு அரிசி போகாமல் இருக்க. ஒரு நாள் ரப்பர்க் காட்டு நடுவில் டயர் வெடித்துவிட்டது. தாத்தாவும் கெலிண்டானும் (லோரி உதவியாள்) ஜாக் வைத்துத் தூக்குகிறார்கள், நட்டு கழலவில்லை. காட்டிலிருந்து ஆள் வந்தால் அரிசி போகும், ராணுவம் வந்தால் அரிசி கொடுக்கத்தான் நிறுத்தினாய் என்று பிடிக்கும். எவன் முதலில் வந்தாலும் எனக்குத்தான் அடி என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். யாரும் வரவில்லை. அன்றைக்குக் கயிற்றில் போட்ட முடிச்சை அவர் சாகும்வரை மாற்றவில்லை, வீட்டுக் கொடிக்கயிற்றுக்கும் அதே முடிச்சுதான். எனக்கும் அதுதான் வரும்.

மாடியறைப் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் முதலில் கேட்டது, டயர் கெட்ட அன்றைக்குச் சம்பளம் பிடித்தார்களா என்று. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அரைநாள் பிடித்தாராம்.

இப்போது இங்கே பயமில்லையா?

அந்த மாதிரி இல்லை. லோரி கடத்தல், எண்ணெய்த் திருட்டு, பேட்டரித் திருட்டு உண்டு, வெளிச்சமில்லாத இடத்தில் போட்டுத் தூங்காதீர்கள். அவ்வளவுதான், இதை அதோடு ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாமா வேறு வேலைக்குப் போகலாமே?

ஐம்பத்து மூன்று வயது, முப்பது வருட ஓட்டம், தெரிந்தது ஸ்டியரிங். நமக்குச் சொல்வார்களா வேறு வேலைக்குப் போ என்று?

ஆனால் அபுஜா ஓட்டத்தை விட்டுவிட்டார். இப்போது கடுனாவிலிருந்து சாரியா வரை, 80 கிலோமீட்டர் சொச்சம், போக வர. காசு கம்மி, இருட்டுவதற்குள் வீடு. அவர்களுக்கும் நமக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். அவர் மாலை ஐந்துக்கு வண்டியை நிறுத்திவிட்டு ‘வந்துவிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்பும்போது நமக்கு நள்ளிரவு. அது வரும்வரை மாடியில் விளக்கு எரியும். மின்சாரக் கட்டணத்தைப் பற்றி என் வீட்டுக்காரி ஆரம்பத்தில் ஒரு தடவை முனகினாள். இப்போது பன்னிரண்டு தாண்டியும் விளக்கு அணையாவிட்டால், போய் என்னவென்று பாருங்கள் என்று என்னை எழுப்பிவிடுகிறாள்.